சாராயம் கலவாதது

...மூன்றாவது தடவை கேட்டபோதே எழுந்து வந்திருக்க வேண்டும், முதல் தடவை கேட்டதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், டாக்டர் என்றால் எல்லாரிடமும் கேட்கத்தான் செய்வார், சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, புகையிலை போடுவீங்களா, டி.பி.க்கு மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா, குடிப்பீங்களா என்று ஒரு வரிசையாக வரும், நானும் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே போனேன், ஆனால் கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, வண்ணப் புள்ளிகளுக்குள் எண்களை ஒளித்து வைத்திருக்கும் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டி, நான் ஒரு எண்ணையும் சரியாகச் சொல்லாமல் போனதும், "முன்னாடி எப்பவாவது குடிக்கிற பழக்கம் இருந்துச்சா?" என்று மறுபடியும் கேட்டார், சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன், மூன்றாவது தடவை நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "எங்கிட்ட சொன்னா வெளிய போகாது, உங்க வீட்டுலயும் சொல்ல மாட்டேன்" என்றார் பாருங்கள், முகத்தில் தாடி, தலையில் தொப்பி, நெற்றியில் தொழுத தழும்பு, இத்தனையும் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பவனிடம்... டாக்டர் டெல்வினுக்கு முப்பது வயது இருக்குமா, இன்னும் கல்யாணமே ஆகியிருக்காது, அவரிடம் போய் வாயைத் திறந்து காட்டி மோந்து பாருங்கள் என்றா சொல்ல முடியும்? "ஒரு சொட்டு இந்த நாக்குல பட்டதில்ல டாக்டர், நாப்பத்தெட்டு வயசு ஆவுது" என்றேன், குரல் கொஞ்சம் ஏறிவிட்டது, கதவுக்கு வெளியே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவர் சீட்டில் என்னவோ எழுதினார். அது என்னவென்று படிக்க முடிந்தால் நான் இங்கே ஏன் வருகிறேன்?

இப்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமாம். நர்ஸ் வின்சி இரண்டு கண்ணிலும் மருந்து விட்டாள், நாகர்கோவில் பக்கத்துப் பெண், "கண்ணைத் தொறக்கப்பிடாது, கேட்டியளா? கண்ணுப் பாப்பா விரிய முக்கால் மணிக்கூர் ஆவும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள், முக்கால் மணி நேரம், ஒன்றும் செய்யாமல், இரும்பு பெஞ்சில், ஜனவரி மாசத்துக் குளிரில் பெஞ்சு ஐஸ் மாதிரி இருக்கிறது, எனக்கு இருக்கிற வேலைக்கு... நாளை வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது பள்ளிவாசல் வாசலில் என் மேசை இருக்க வேண்டும், மேசையில் நூறு பாட்டிலாவது இருக்க வேண்டும், வீட்டில் பாதிதான் தயார், மீதியை என் சம்சாரம் சுக்ரா தனியாகச் செய்துகொண்டிருக்கிறாள், எப்படிச் செய்துகொண்டிருக்கிறாளோ, அவள் ஒட்டுகிற லட்சணத்தில் இந்த வாரமும் லேபிள் எல்லாம் சாய்ந்த கோபுரமாகத்தான் நிற்கும். மூன்று மாதத்தில் மூன்று கண்ணாடி மாற்றினேன். முதல் கண்ணாடி போட்டதும் எழுத்தெல்லாம் கலங்கின தண்ணீரில் கிடப்பது போல இருந்தது, பழகிவிடும் என்றார்கள், பழகவில்லை, இரண்டாவதில் கால் பவர் கூட்டினார்கள், மூன்றாவதில் கால் பவர் குறைத்தார்கள், கடைசியில் கண்ணாடிக் கடைக்காரரே கையெடுத்துக் கும்பிட்டு, "பாய், கோளாறு கண்ணாடியில இல்ல, கண்ணுல இருக்குது, பெரிய டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். பெரிய டாக்டர் என்னடாவென்றால் குடிப்பீங்களா என்கிறார். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், வயிற்று டாக்டர் கேட்டால் ஒரு நியாயம் இருக்கிறது.

காலையில் கிளம்பியதிலிருந்தே சரியில்லை. திம்மராயன் ஆட்டோவில்தான் வந்தேன், எங்கள் தெருமுனையில் நிற்கிற ஆட்டோ, பத்து வருஷப் பழக்கம், தமிழில் ஆரம்பித்து தெலுங்கில் போய் கன்னடத்தில் முடிக்கிற ஆள், ராயக்கோட்டை ரோட்டில் ஏறினதும் கம்பெனி பஸ் ஒன்று சர்ரென்று உரசிக்கொண்டு போனது, எனக்கு அது பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது, "லைட்டைப் போட்டுக்கினு ஓட்டுப்பா, பனி இவ்ளோ இருக்குது" என்றேன், அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான், "ஏனு பாய், தூக்கத்துல இருக்கியா? பனியெல்லாம் ஏழு மணிக்கே ஓடிப்போச்சு, வெயிலு மண்டையப் பொளக்குது" என்றான். கிண்டல். அவனுக்கு எப்போதும் கிண்டல்தான், என் அத்தரைப் பூசிக்கொண்டு போனால் ஆட்டோவில் ஏறுகிற பெண்கள் எல்லாம் தும்முகிறார்கள் என்று சொல்கிறவன், அவனிடம் என்ன பேச்சு என்று வாயை மூடிக்கொண்டேன். ஓசூரில் பனியைப் பற்றி எனக்கு ஆட்டோக்காரன் பாடம் நடத்துகிறான், பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், கார்த்திகை பிறந்தால் எதிர் வீடு தெரியாது, பைக்கில் வருகிறவன் பேய் மாதிரி திடீரென்று முளைப்பான், இந்த வருஷம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான், வெயில் ஏறின பிறகும் லேசாக நிற்கிறது, சுக்ராகூட அதைத்தானே சொன்னாள், வாசல் வரை வந்து, "பனி இன்னும் விடல, பாத்துப் போங்க" என்றாள்... மணி ஒன்பது. அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது, திம்மராயனுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் அவன் கண்ணைத்தான் இந்த டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் புத்தி சும்மா இருக்கிறதா, எங்கெங்கோ போகிறது. கம்பெனியில் இருந்தபோது இந்தக் கண்ணால் முடி கனம் வித்தியாசத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன், பதினாறு வருஷம் கான்ட்ராக்டில், வண்டிக்கு உதிரிப் பாகம் செய்கிற இடம், ஒரு பெட்டி நிறைய பாகங்களில் எது கோணல் என்று அளவுக் கருவியை எடுப்பதற்கு முன்னாலேயே சொல்வேன், "லால் பாஷா கண்ணே ஒரு மெஷின்" என்பார் சூப்பர்வைசர், அதே வாயால்தான் ஒருநாள் ஆட்களைக் குறைக்கிறோம் என்றார். சரி போ என்று அத்தரில் இறங்கினேன். முதலில் எல்லாரையும் போல வாங்கி விற்றேன், பிறகு நாமே கலந்தால் என்ன என்று தோன்றியது, வாசனை எண்ணெய் ஒரு பங்கு, அதை நீர்க்கச் செய்ய ஸ்பிரிட் பல பங்கு, ஸ்ப்ரே பாட்டிலில் அடைத்தால் முடிந்தது, பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் முதல் வெள்ளிக்கிழமையே ஒரு பெரியவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல சாராயம் சேத்திருக்கியா தம்பி?" என்று கேட்டார், நான் முழித்தேன், அவர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, தொட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார். அந்தத் துடைப்பு இருக்கிறதே, அது என் முகத்தில் துடைத்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. நான் சேர்த்திருந்தது குடிக்கிற வகை ஸ்பிரிட், எத்தனால் என்று கேனில் போட்டிருந்தது, போதை தருகிற வஸ்து, அதைத் தடவிக்கொண்டு போய்த் தொழ முடியுமா, கூடும் என்கிறவர்களும் இருக்கிறார்கள், கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள், பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, எனக்கு நானே ஹஜ்ரத் ஆகிவிட்டேன்.

கெமிக்கல் கடைக்காரர் நல்ல மனிதர்தான், என் சங்கடத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார், இன்னொரு கேனைக் காட்டினார், "இதுவும் ஸ்பிரிட்டுதான் பாய், ஆனா குடிக்கிற சரக்கு இல்ல, இதைக் குடிச்சவன் எவனும் மறுநாள் வந்து நல்லாருக்குன்னு சொன்னதில்ல" என்றார், பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் வாங்குகிறார்களாம், மெத்தனால் என்று பெயர், எனக்கு மனசில் ஒரு பாரம் இறங்கியது, குடிக்க முடியாதது எப்படிச் சாராயம் ஆகும், போதைக்கு ஆகாததில் என்ன குற்றம் இருக்க முடியும், இதைவிடச் சுத்தமான கணக்கு உண்டா? அவர் மேற்கொண்டு என்னவோ சொன்னார், காற்றோட்டம் என்றோ கையுறை என்றோ, நான் கேனை ஆட்டோவில் ஏற்றுகிற அவசரத்தில் இருந்தேன். புது லேபிள் அடித்தேன், பச்சை எழுத்தில், கொட்டை கொட்டையாக, 'சாராயம் கலவாதது'. அடுத்த வெள்ளிக்கிழமை அதே பெரியவர் இரண்டு பாட்டில் வாங்கிப் போனார். கேன் மேல் ஒரு மண்டையோட்டுப் படம் ஒட்டியிருந்தது, அதன் கீழே பொடி எழுத்தில் ஏதேதோ, சுக்ராதான் முதலில் பார்த்தாள், "ஏங்க, தொழுவுற வீட்டுல இது என்னா உருவப்படம், மலக்குகள் வர மாட்டாங்க" என்றாள், உருவம் இருந்தால் வானவர்கள் நுழைய மாட்டார்கள் என்பதும் சரிதான் என்று படம் இருக்கிற பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன், எழுத்தும் அதோடு சுவர்ப் பக்கம் போய்விட்டது, பிறகு வந்த ஒவ்வொரு கேனையும் அப்படியே திருப்பித் திருப்பி வைத்தோம், பழக்கமாகிவிட்டது. டாக்டர் என்ன தொழில் என்று கேட்டபோது அத்தர் என்றேன், "அதுல ஆல்கஹால் சேப்பாங்கல்ல?" என்றார், எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது, "நம்மகிட்ட கிடையாது டாக்டர், லேபிள்லயே போட்டிருக்குது" என்றேன். அவர் சரி என்று அதை விட்டுவிட்டு மறுபடி குடிக்கே வந்தார்.

லேபிள் என்றதும் கோபம் வருகிறது. போன மாதம் ராயக்கோட்டை பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து ஒரு டஜன் திரும்பி வந்தது, சரக்கு நன்றாக இருக்கிறதாம், லேபிள் கோணலாம், போலிச் சரக்கு போலத் தெரிகிறதாம், எனக்கு அவமானமாகப் போய்விட்டது, கோணலைப் பிடிப்பதற்கே பேர் போனவன் வீட்டிலிருந்து கோணல் சரக்கு போகிறது, நேரே அறைக்குள் போய்க் கத்தினேன், பின்பக்கத்துச் சின்ன அறைதான் எங்கள் பட்டறை, பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசனை தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்ததிலிருந்து ஜன்னலை அடைத்துவைத்துத்தான் வேலை, குளிர் காலத்துக்கு அதுவும் நல்லதுதான், குளிரில் வாசனை எண்ணெய் இறுகிக்கொள்ளும், அதனால் பெரிய பேசின் நிறைய வெந்நீர் வைத்து அதில் ஜாடியை நிறுத்தி வைப்போம், அறை கதகதவென்று ரோஜாத் தோட்டம் மாதிரி மணக்கும். கத்தினேன், "கண்ணு என்னா பின்னாலயா இருக்குது உனுக்கு? ஒரு கோடு நேரா ஒட்டத் தெரியாதா?" சுக்ரா லேபிளை விரலால் தடவிப் பார்த்தாள். முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வாள், இப்போது அதுவும் இல்லை, தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள், "வாசனை தூக்கலா இருக்குதுங்க, தலையிடிக்குது, கண்ணு கூசுது" என்கிறாள், ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாள், எனக்கும்தான் தலையிடிக்கிறது, நானும்தான் மாத்திரை போடுகிறேன், வேலை செய்தால் தலை வலிக்கத்தான் செய்யும். கோணலாக ஒட்டியதையெல்லாம் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து எடுத்துவிட்டு மறுபடி ஒட்டு என்று உத்தரவு போட்டேன், ஒரு பாட்டிலுக்கு இரண்டு தடவை, சில சமயம் மூன்று தடவை, வெறுங்கையால் துடைத்துத் துடைத்து அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் வெடித்துப் போயிருக்கிறது, தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறாள். இத்தனைக்கும் பேத்தி தலையில் பேன் ஓடினால் வாசலிலிருந்தே சொல்கிறவள் அவள், அரிசியில் கல் கிடந்தால் கண்ணாடி இல்லாமல் எடுக்கிறவள், வேண்டுமென்றே செய்கிறாளோ என்றுகூட ஒருநாள் நினைத்தேன், இந்தத் தொழில் அவளுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் என்று...

"ஏந்தம்பி, உனுக்கும் சதையா?" பக்கத்தில் யாரோ ஒரு அம்மாள். கண்ணைத் திறக்கக்கூடாது என்பதால் முகம் தெரியவில்லை, குரலில் வெற்றிலை மணக்கிறது. "எனுக்கு ரெண்டு கண்ணுலயும் சதை வளந்துகிச்சுன்னு சொல்றாங்க, பாரூரு ஏரிக்கரையில கரும்பு வெச்சிருக்கோம், பாம்பு எது, கரும்புச் சோகை எது ஒண்ணும் தெரியல, என் பேரு ஜோதியம்மா" என்று அவராகவே எல்லாம் சொன்னார், எனக்குச் சதை இல்லை அம்மா என்றேன், "அப்ப என்னா?" என்றார், தெரியவில்லை என்றேன், "தெரியலன்னா எதுக்குப்பா கோவமா சொல்ற?" என்றார். கோபமாகவா சொன்னேன்? இருக்கலாம். காலையிலிருந்து எல்லாரிடமும் எரிந்து விழுகிறேன், காலையிலிருந்தா, இரண்டு மாதமாகவா. வின்சி இரண்டாவது சுற்று மருந்தோடு வந்தாள், "பாப்பா சரியா விரியல, இன்னும் ஒரு சொட்டு விடுதேன்" என்று இமையை விரித்துப் பிடித்து விட்டாள், எரிச்சல், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன், கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டேன், கொஞ்ச நேரம் கழித்து... இது என்ன, தொண்டையில் கசக்கிறது, வேப்பங்கொழுந்தை மென்றது போல நாக்கின் அடியில் கசப்பு இறங்குகிறது. "ஏம்மா, வாயெல்லாம் கசக்குதே" என்றேன். வின்சி சிரித்தாள், "கண்ணுல விட்டா தொண்டைக்கி வந்துரும் சார், உள்ள வழி இருக்குல்லா? எல்லாருக்கும் அப்படித்தான், பயப்படாண்டாம்" என்றாள். ஜோதியம்மாவும், "ஆமாந்தம்பி, எனுக்கும் கசந்துச்சு, கஷாயம் குடிச்ச மாதிரி" என்றார்.

குடிச்ச மாதிரி. குடிக்கவில்லை, ஆனால் தொண்டைக்கு வந்துவிட்டது. எச்சிலை விழுங்கினேன், மறுபடி கசந்தது. வாயைத் திறக்கவே இல்லை நான், உதட்டில் ஒரு சொட்டு படவில்லை, கண் வழியாகப் போய் நாக்குக்கு வருகிறது, உள்ளே வழி இருக்கிறதாம், எத்தனை வழி இருக்கிறது? நாற்பத்தெட்டு வருஷமாக வாய் ஒன்றைத்தான் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன். கேனிலிருந்து ஜாடிக்கு ஊற்றும்போது மற்றவர்கள் குழாயை வாயால் உறிஞ்சி இறக்குவார்கள், நான் மாட்டேன், வாயில் ஒரு சொட்டு பட்டாலும் ஹராம் என்று கைப்பம்ப் வாங்கி வைத்திருக்கிறேன், வாயை மறைத்துக் கைக்குட்டை கட்டிக்கொள்கிறேன், கைக்குட்டை நனைந்துவிட்டால் அதையே பிழிந்து கட்டிக்கொள்கிறேன், சரக்கு சரியாக இருக்கிறதா என்று புறங்கையில் அடித்து, முழங்கையில் அடித்து, கழுத்தில் அடித்து மோந்து பார்க்கிறேன், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, சாயந்தரம் கையில் ஒட்டிய பசையை அதே ஸ்பிரிட்டில்தான் கழுவுகிறேன், கை ஜில்லென்று காய்ந்துபோகும், எங்கே போகிறது அது, காற்றில் போகிறது என்று நினைத்தேன், அடைத்த அறையில் காற்று எங்கே போகும்? மூக்குக்குத்தானே. மெத்தனால் என்ற பெயர் எனக்குத் தெரியாத பெயரா, விஷச் சாராயம் என்று பேப்பரில் வரும்போதெல்லாம் அந்தப் பெயரும் வருகிறது, செத்தவர்கள் இத்தனை பேர், பார்வை போனவர்கள் இத்தனை பேர்... பார்வை போனவர்கள். நான்தான் சத்தம் போட்டுப் படித்தேன், படித்துவிட்டு சுக்ராவிடம் சொன்னேன், "பாத்தியா, குடிச்சா என்னா ஆவுதுன்னு?" அந்த வரி அப்போதே எனக்குத் தெரியும். இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தேன் அதை? மண்டையோட்டோடு சேர்த்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேனா? அவர்கள் குடித்தார்கள், நான் குடிக்கவில்லை, எனக்கு வராது, இதுதானே என் கணக்கு, டாக்டர் மூன்று தடவை கேட்டபோது எனக்கு அத்தனை கோபம் ஏன் வந்தது, பொய்யாகப் பழி போடுகிறார் என்றா, இல்லை, எங்கேயோ ஒரு மூலையில்... அவரும் ஒரு மனிதர், குடிப்பீங்களா என்று கேட்கிறாரே தவிர, மோந்து பார்ப்பீங்களா என்று கேட்டாரா, கை கழுவுவீங்களா என்று கேட்டாரா? கேட்டாரே, ஆல்கஹால் சேர்ப்பீர்களா என்று கேட்டாரே, நான்தானே லேபிளைக் காட்டினேன்.

சரி, போகட்டும், என் கண், என் பிழை, சொல்லிவிடலாம், மருந்து இருந்தால் கொடுப்பார், இல்லாவிட்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றுவார், உள்ளே போனதும் முதல் வேலை அதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன், தேறியும் விட்டது, ஒரு நிமிஷம். அப்புறம் திம்மராயன் சிரிப்பு ஞாபகம் வந்தது, பனியெல்லாம் ஏழு மணிக்கே ஓடிப்போச்சு. அவன் கிண்டல் செய்யவில்லை. அவன் கண்ணில் கோளாறு இல்லை. அப்படியென்றால் நான் பார்த்தது பனி இல்லை, இரண்டு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது பனியே இல்லை, என் கண்ணுக்குள் இருப்பது... ஆனால் சுக்ரா? வாசலில் நின்று பனி இன்னும் விடவில்லை என்றாளே, மணி ஒன்பதுக்கு, வெயில் மண்டையைப் பிளக்கும்போது. நேற்றும் சொன்னாள். முந்தாநாளும் சொன்னாள், நான்கூட, ஆமாம், இந்த வருஷம் ஜாஸ்திதான் என்றேன், இரண்டு பேரும் கொல்லைக் கதவில் நின்று டீ குடித்துக்கொண்டே இல்லாத பனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கோணல் லேபிள். தலையிடி. கண்ணு கூசுது. அவளுடைய பேப்பர் படிப்பு எப்போது நின்றது? வியாழன் ராத்திரி குர்ஆனில் ஓதுகிற யாசீனை இப்போதெல்லாம் புத்தகம் இல்லாமல் மனப்பாடமாக ஓதுகிறாளே, பரவாயில்லையே என்று மெச்சினேனே... யா அல்லாஹ். நான் வெளியே சுற்றுகிறவன், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி என்று நாலு நாள் பஸ்ஸில் காற்று வாங்குகிறவன். அவள் அந்த அறையிலேயே கிடக்கிறாள். கோணலாக ஒட்டியதைத் துடைத்து ஒட்டு, துடைத்து ஒட்டு என்று சொன்னது யார்?

கண்ணைத் திறந்துவிட்டேன். வெள்ளையாக வெளிச்சம் வந்து அறைந்தது, போனை எடுத்தேன், எழுத்து எதுவும் தெரியவில்லை, மருந்தினால் தெரியவில்லையா, மற்றதினால் தெரியவில்லையா, "சிஸ்டர், சிஸ்டர், ஒரு நம்பர் போட்டுக் குடும்மா" என்று கத்தினேன், வின்சி ஓடி வந்தாள், திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை, "சுக்ரான்னு இருக்கு, இவியளா?" என்று கேட்டுப் போட்டுக் கொடுத்தாள். மணி அடித்தது, அடித்தது, கை ஈரமாக இருந்திருக்கும், துடைத்துவிட்டுத்தான் எடுப்பாள், எதனால் ஈரம் என்று இப்போதுதான் நினைத்தேன். எடுத்தாள். "சொல்லுங்க, டாக்டர் என்னா சொன்னாரு?"

"நீ எங்க இருக்கே?"

"எங்க இருப்பேன், ரூம்லதான். கோணலாப் போனதெல்லாம் தொடச்சு ஒட்டிக்கினு இருக்கேன், இன்னும் பதினாறுதான் பாக்கி, திட்டாதீங்க, நேராத்தான் ஒட்டறேன்."

திட்டாதீங்க. தொண்டையில் கசப்பு இன்னும் போகவில்லை. "அதெல்லாம் போட்டுட்டு வெளிய வா. ஜன்னலைத் தொற, கதவைத் தொற, கையை சோப்புப் போட்டு நல்லா கழுவு, வெளிய வந்து நில்லு" என்றேன், "என்னாங்க ஆச்சு, ஏன் ஒரு மாதிரி பேசறீங்க, வெளிய குளிருமே" என்றாள், "வாசலுக்கு வான்னு சொல்றேன்ல" என்றேன், அப்போதும் கத்தித்தான் சொன்னேன், பாழாய்ப்போன இந்தக் குரலுக்கு வேறு வழியே தெரியவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது, தாழ்ப்பாள் சத்தம் கேட்டது, தெருவில் எவனோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. எங்கள் வீட்டுக்கு எதிர்ச் சுவரில் சிமெண்ட் விளம்பரம் ஒன்று எழுதியிருக்கிறது, நீல எழுத்து, ஆள் உயரத்துக்கு ஒவ்வொரு எழுத்தும், எழுதின அன்றைக்கு இத்தனை பெரிசா எழுதணுமா, குருடன்கூடப் படிப்பானே என்று சிரித்தவள் அவள்தான்.

"எதிர்ச் சுவத்துல என்னா எழுதியிருக்குதுன்னு படி" என்றேன்.

செருப்பு இரண்டு அடி முன்னால் போகிற சத்தம் கேட்டது. எழுதியிருப்பது அவளுக்கு மனப்பாடம், பார்க்காமலே சொல்லிவிடலாம், சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன், சொல்லிவிடட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

"பனியில சரியாத் தெரியலைங்க" என்றாள்.

மணி என்னம்மா என்று வின்சியைக் கேட்டேன், பன்னிரண்டு பத்து என்றாள். போனில் சுக்ரா, "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், அங்கேயே நில்லு, உள்ளே போகாதே, திம்மராயனை அனுப்புகிறேன், அவனோடு ஆஸ்பத்திரிக்கு வா என்று எப்படியோ சொல்லி முடித்தேன், "எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி, கண்ணு உங்களுக்குத்தானே சரியில்ல?" என்றாள், போனை வைத்துவிட்டு, திம்மராயன் நம்பரையும் வின்சியைப் போடச் சொல்லி, அவளை ஏற்றிக்கொண்டு வா என்றேன். வின்சி என் கையைப் பிடித்து எழுப்பினாள், "இருபத்தேழாம் நம்பர், டாக்டர் கூப்பிடுதாவ" என்றாள். "போப்பா, போ, ஒண்ணும் ஆவாது" என்று ஜோதியம்மா குரல் பின்னால் வந்தது. கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை, வின்சி இழுத்த இழுப்புக்கு நடந்தேன், டாக்டர் டெல்வின் நாலாவது தடவையாகக் கேட்க வேண்டுமே, கேட்காமல் விட்டுவிட்டால் நானாக எங்கிருந்து ஆரம்பிப்பது, பாட்டிலிலிருந்தா, கேனிலிருந்தா, கோணல் லேபிளிலிருந்தா... கேட்டுவிட்டால் சுலபம், இல்லை டாக்டர், குடிக்கிறதில்லை, எங்கள் வீட்டில் குடிக்காதவர்கள் இரண்டு பேர் என்று சொல்லிவிடலாம்.